மணம் தெரிந்த மா

பூச்சி மருந்து பட்ட மாவில் இடியப்பம் அவித்து மூன்று பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவள் நான். அந்த மூவரில் நானும் ஒருத்தி. இரண்டு பேர் வீடு திரும்பினோம். இது நடந்து ஒரு வருஷம் முடிந்துவிட்டது. கேட்கிறவர்களுக்கு இதை நான் துண்டு துண்டாகத்தான் சொல்லியிருக்கிறேன். அவரவர் முகத்தைப் பார்த்துச் சில இடங்களை விட்டுவிட்டுச் சொன்னேன். விட்ட இடங்களையும் சேர்த்து ஒரு தடவை எழுத வேண்டும் என்று இப்போது இருக்கிறேன்.

பருத்தித்துறையில் கடற்கரைக்குக் கிட்ட எங்கள் வீடு. நாங்கள் மூன்று பேர். என் கணவர் அருள், வள்ளம் கட்டும் தச்சர். அவருடைய தங்கை வதனி. நான். தாய் தகப்பன் இல்லாத வதனியை அவர்தான் வளர்த்தார். நான் கல்யாணம் முடித்து அந்த வீட்டுக்குள் வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. பன்னிரண்டு வருஷமாக நானும் அவளும்தான் ஒருவருக்கொருவர் கதைக்குத் துணை. அவள் என்னை மச்சாள் என்பாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.

காலையில் இடியப்பம் அவித்துக் கொடுப்பது எங்கள் தொழில். வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த வாத்திமாரும் அரசாங்கக் கந்தோர்களில் வேலை செய்கிறவர்களும் எங்களிடம் வாங்கினார்கள். வதனி உரலில் பிழிவாள். நான் அவித்து எடுப்பேன். என் கணவர் விடிய முதலே பழஞ்சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். அதனால்தான் அவர் தப்பினார்.

எண்பத்தாறாம் ஆண்டு. சண்டையால் பாதைகள் அடிக்கடி மூடப்பட்ட காலம். கொழும்பிலிருந்து லொறி வந்தால் எல்லாச் சாமானும் ஒரே லொறியில்தான் வரும். எங்கள் சந்தியில் துரையர் கடை வைத்திருந்தார். அரிசி, மா, சீனி ஒரு பக்கம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அடிக்கிற மருந்துப் போத்தல்கள் மறு பக்கம். கரவெட்டித் தோட்டக்காரரும் அவரிடம்தான் மருந்து வாங்கினார்கள். ஒரே தராசு, ஒரே கை. அதை யாரும் பிழையாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

மா தட்டுப்பாடாக இருந்த ஒரு கிழமையில் துரையர் எனக்கென்று அரை மூட்டை எடுத்து வைத்திருந்தார்.

"ஒரு மூலையிலை ஈரம் பட்டிருக்கு, பிள்ளை. மழைத் தண்ணிதான். கட்டிபட்ட இடத்தை எறிஞ்சுபோட்டுப் பாவியுங்கோ," என்று விலையையும் கொஞ்சம் குறைத்தார்.

சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்தேன். சாக்கின் ஒரு பக்கம் மண்ணிறத்தில் கறை இருந்தது. அடுத்த நாள் காலை பிரித்தபோது கறைக்கு நேரே மா கட்டியாக இறுகியிருந்தது. கட்டிகளை அள்ளிக் கொட்டிவிட்டு, மிச்சத்தை அவிப்பதற்காக வதனி பாத்திரத்தில் எடுத்தாள். எடுத்தவள் நிறுத்தினாள்.

"மச்சாள், மா மணக்குது."

"என்ன மணம்?"

"உள்ளி மாதிரி. அதுக்குள்ளை மண்ணெண்ணையும் மாதிரி."

நான் ஒரு பிடி எடுத்து மூக்குக்கு நேரே பிடித்தேன். அவள் சொன்னது சரி. உள்ளிப்பூண்டு அழுகினது போல ஒரு மணம் மெல்லியதாக இருந்தது.

"லொறியிலை மண்ணெண்ணைப் பீப்பாயோடை ஏத்தியிருப்பாங்கள். அவிச்சால் போயிடும்," என்றேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு மாவைச் சீலையில் கட்டினாள். கோதுமை மாவை முதலில் ஆவியில் அவித்து, அரித்து, அதன் பிறகுதான் குழைப்போம். அவித்து அரித்தபோது எனக்கு அந்த மணம் தெரியவில்லை. ஆவியில் போய்விட்டது என்றே நம்பினேன். சூட்டில் எல்லா அழுக்கும் போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் சுகாதார பாடத்தில் படித்ததுதான் என் தலையில் இருந்தது.

பிழியும்போது உடைகிற இடியப்பங்களை வதனி சுடச்சுடத் தின்பாள். அது அவளுடைய பழக்கம். அன்றும் தின்றாள். முதல் ஈட்டில் அவித்ததைத் தபாற்கந்தோரில் வேலை செய்த சிற்றம்பலம் வந்து வாங்கிக்கொண்டு போனார். எல்லாரிலும் முந்தி வருபவர் அவர்தான். நான் சொதியோடு இரண்டு தின்றேன். இரண்டாவது ஈட்டுக்கு மாக் குழைக்கத் தொடங்கியபோது வதனி, "மச்சாள், எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு," என்றாள்.

முகமெல்லாம் வியர்வை. வாயிலிருந்து வீணீர் வடிந்தது. அவள் துடைக்கத் துடைக்க வந்தது. எழும்பி வெளியே ஓடிச் சத்தி எடுத்தாள். வயிற்றாலும் போனது. கிணற்றடியில் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவளுடைய தோள் தசை என் கைக்குக் கீழே தானாகத் துடித்தது. மற்ற ஆட்கள் வந்து, இடியப்பம் இல்லை என்று தெரிந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். அன்று அவர்கள் திட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அதுதான் அவர்களைக் காப்பாற்றியது.

பக்கத்து வீட்டுக்காரரின் காரில் வதனியை ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பகுதியில் இளம் டொக்டர் ஒருவர் இருந்தார். வதனியின் கண்ணுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். கண்ணின் கறுப்பு மணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருந்தது. அவர் நேரே என்னிடம் திரும்பினார்.

"என்ன குடிச்சவ?"

"ஒண்டும் குடிக்கேல்லை, டொக்டர்."

"பயப்பிடாமல் சொல்லுங்கோ. இது பூச்சி மருந்து. எனக்குப் பாத்தால் தெரியும். கிழமைக்கு ரெண்டு பேர் இப்பிடி வருகினம். வீட்டிலை ஏதும் சண்டையோ? கல்யாணப் பேச்சு ஏதும்?"

கல்யாணப் பேச்சு ஒன்று இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்து, சரி என்று சொல்லி, இரண்டு மாதத்துக்கு முன் வேண்டாம் என்று ஆளனுப்பியிருந்தார்கள். வதனி அதற்காக ஒரு நாளும் அழுததை நான் காணவில்லை. ஆனால் அந்த இடத்தில், அந்தக் கேள்வியில், எனக்குச் சந்தேகம் வந்தது. காணாத இடத்தில் அழுதிருப்பாளோ?

"தெரியாது, டொக்டர்," என்றேன்.

பன்னிரண்டு வருஷம் என்னோடு இருந்தவள். இல்லை, அவள் அப்படிச் செய்யமாட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் இந்தக் கதையைச் சொல்லும்போது வழக்கமாக விட்டுவிடும் இடங்களில் இது ஒன்று.

மூக்கு வழியாகக் குழாய் விட்டு அவளுடைய வயிற்றைக் கழுவினார்கள். உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டு உடம்பையும் கழுவினார்கள். மருந்து தோலாலும் உள்ளே போகுமாம். நான் சுவரோடு நின்றேன். எதிரே இருந்த கதிரையின் கால்கள் எனக்கு எட்டாகத் தெரிந்தன. வாயில் உமிழ்நீர் ஊறியது. விழுங்கினேன், மறுபடியும் ஊறியது. பயத்தினால் என்று நினைத்தேன்.

அந்த நேரம் சிற்றம்பலத்தை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கந்தோரில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் மேசையில் சரிந்துவிட்டாராம். டொக்டர் அவருடைய கண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கிட்ட வந்து என் கண்ணுக்குள்ளும் டோர்ச் அடித்தார்.

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

"இடியப்பம்."

"அவர்?"

"எங்கடை இடியப்பம்தான்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "மிஸி, இன்னும் ரெண்டு கட்டில்," என்று தாதியிடம் சொன்னார்.

பிற்பாடு அவர் எனக்கு விளக்கிய மாதிரியே அந்த நோயை இங்கே சொல்கிறேன். நரம்பு தசையை வேலை செய்யச் சொல்லும்போது உடம்பில் ஒரு பொருள் சுரக்கிறது. வேலை முடிந்ததும் உடம்பே அதைத் துடைத்துவிட வேண்டும். இந்தப் பூச்சி மருந்து அந்தத் துடைக்கிற கையைக் கட்டிவிடுகிறது. அதனால் கண்ணும் வாயும் வயிறும் நெஞ்சும் ஓயாமல் நீர் விடுகின்றன. தசைகள் ஓயாமல் துடித்துக் கடைசியில் களைத்துப்போகின்றன. நெஞ்சில் சேரும் நீரை வற்றச் செய்ய அற்றோப்பின் என்ற ஊசி போடுகிறார்கள். ஒன்று இரண்டல்ல. நீர் வற்றும்வரை, நாடி ஏறும்வரை, திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள்.

அந்த ஊசி மூளையையும் குழப்பும். முதல் நாளின் பெரும்பகுதி எனக்கு ஞாபகமில்லை. நாக்கு மரப்பட்டை போலக் காய்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. போர்வையிலிருந்து நான் இல்லாத இடியப்பத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேனாம். ஊசிக் குழாயை இழுத்துவிடுவேன் என்று கைகளைச் சீலைத் துண்டால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். என் கணவர் வந்து பார்த்தபோது நான் அவரிடம், "சிற்றம்பலத்தாருக்குக் குடுக்காதேங்கோ," என்று சொன்னேனாம்.

டொக்டருக்கு ஒரு சிக்கல் இருந்தது. பூச்சி மருந்துகளில் பல வகை உண்டு. ஒரு வகைக்கு அற்றோப்பினோடு இன்னொரு மருந்தும் போட்டால் உதவும். வேறு வகைக்கு அது பயனில்லை. ஆஸ்பத்திரியில் அது கொஞ்சம்தான் இருந்தது. எந்த மருந்து மாவில் பட்டது என்று தெரிய வேண்டும். என் கணவர் சைக்கிளில் துரையர் கடைக்கு ஓடினார்.

துரையர், "என்ரை மாவிலை ஒண்டும் இல்லை. மழைத் தண்ணி. உங்கடை சட்டி பானையைப் பாருங்கோ," என்று சொல்லிக் கடைக் கதவைச் சாத்திவிட்டார்.

மத்தியானம் துரையருடைய மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்தார். தனியாக, நடந்து வந்தார். சேலைத் தலைப்புக்குள் ஒரு போத்தலைப் பிடித்திருந்தார். உடையாத, மூடி திறக்காத போத்தல். இந்தக் காட்சியை என் கணவர் பார்த்தார். நான் அவர் சொல்லக் கேட்டதுதான்.

"லொறியிலை மா மூட்டைக்கு மேலை இந்தப் பெட்டியை அடுக்கினவங்கள், டொக்டர். ஒண்டு உடைஞ்சிருந்தது. கண்ணாடியை நான்தான் கூட்டி அள்ளினனான்," என்றார் அந்த அம்மா.

டொக்டர் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துச் சுற்றியிருந்த லேபலைப் படித்தார். மருந்தின் பெயர், அது எந்த வகை, விஷம் ஏறினால் என்ன ஊசி போட வேண்டும் என்பதுவரை அதில் அச்சடித்திருந்தது. தாதியிடம் போய் மற்ற மருந்தை எடுக்கச் சொன்னார். திரும்பி வந்து, லேபலின் அடியில் சின்ன எழுத்திலிருந்த ஒரு வரியை விரலால் காட்டினார்.

"இது தமிழிலையும் இருக்கு, அம்மா. உணவுப் பொருட்களோடு வைக்கவோ ஏற்றவோ கூடாது எண்டு."

"எனக்கு வாசிக்கத் தெரியும், டொக்டர்," என்றார் அவர். "நான் வாசிக்கேல்லை."

"மிச்ச மா எங்கை?"

"இன்னும் ரெண்டு வீட்டுக்குக் குடுத்திருந்தது. நான் போய்த் திருப்பி வாங்கிப்போட்டன். அந்த வீட்டுக்காரர் இன்னும் சாக்கை அவிழ்க்கேல்லை."

அந்த இரண்டு வீடுகளிலும் சேர்த்து எத்தனை பிள்ளைகள் என்று நான் பிறகு கேட்டு அறிந்தேன். அதற்குப் பிறகு அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. துரையர் மருந்துகளை இப்போது கடைக்குப் பின்னால் தனி அறையில் பூட்டி வைத்திருக்கிறார். பூட்டின் திறப்பை அந்த அம்மா இடுப்பில் செருகி வைத்திருக்கிறார்.

இரண்டாம் நாள் என் தலை தெளிந்தது. வதனி பக்கத்துக் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தாலும் அது அவளுடைய முகமாகவே இருந்தது. கரவெட்டியிலிருந்து என் அக்கா கஞ்சி காய்ச்சிப் போத்தலில் ஊற்றி அனுப்பியிருந்தார். அதை என் கணவர் ஆளுக்குக் கொஞ்சமாகப் பருக்கினார். வள்ளத்துக்கு ஆணி அடித்துக் காய்த்துப்போன கையால் ஒவ்வொரு கரண்டியையும் ஊதி ஊதித் தந்தார்.

"மச்சாள், மிஸி ஒரு ஆளோ ரெண்டு பேரோ?" என்று வதனி கேட்டாள்.

"ஒரு ஆள்தான்."

"எனக்கு ரெண்டாத் தெரியுது. ரெண்டு பேரும் ஊசியோடை வாறா."

சிரித்தோம். சிரித்தபோது என் வயிறு நொந்தது. ஆண்கள் வாட்டிலிருந்து சிற்றம்பலம் ஒரு சிற்றூழியரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: தனக்குச் சுகம், எங்கள் மேல் கோபமில்லை, சொதி நன்றாகத்தான் இருந்தது என்று. அதைக் கேட்டு வதனி மறுபடியும் சிரித்தாள். பிறகு சத்தத்தைக் குறைத்து என்னிடம் கேட்டாள்.

"நான் மருந்து குடிச்சனான் எண்டு டொக்டர் நினைச்சவராமே?"

"ஓம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"அவள் அப்பிடிச் செய்யமாட்டாள் எண்டு சொன்னனான்."

அவள் திருப்தியோடு கண்ணை மூடினாள். அந்தப் பொய்யைத் திருத்த எனக்கு நேரம் இருக்கும் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரம் நான் தூங்கிவிட்டேன். என் கணவர் அவளுடைய கட்டிலருகே இருந்து அவளோடு கதைத்துக்கொண்டிருந்தார். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் விடிந்ததும் வதனி, "மச்சாள், தலையைத் தூக்க ஏலாமல் கிடக்கு," என்றாள். களைப்பு என்று நினைத்துக் கையை நீட்டி அவளுடைய கழுத்துக்குக் கீழே கொடுத்தேன். தலை ஒரு பாரமாக என் கைக்குள் கிடந்தது. கழுத்தில் பிடிமானமே இல்லை. தாதி ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவர் வதனியை மூச்சு இழுத்து எண்ணச் சொன்னார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு..." ஏழுக்கு மேல் அவளால் போக முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டபோது நாலில் நின்றது.

டொக்டர் என் கணவரை அப்பால் கூப்பிட்டார். ஆனால் வாட்டு சின்னது. எனக்குக் கேட்டது.

"முதல் நாள் கண்டத்திலை தப்பின சில பேருக்கு மூண்டாம் நாள் இப்பிடி வருது. கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் சோர்ந்துபோகுது. அற்றோப்பினுக்கு இது கேட்காது. இதுக்குப் புத்தகத்திலை இன்னும் பேரில்லை, ஆனால் நாங்கள் கண்டிருக்கிறம். தசைக்குத் திரும்பப் பலம் வரும். ஒரு கிழமை, ரெண்டு கிழமை எடுக்கும். அதுவரைக்கும் மெஷின்தான் அவவுக்கு மூச்சு விடவேணும்."

"மெஷின் எங்கை இருக்கு?"

"யாழ்ப்பாணத்திலை."

தொண்டைக்குள் குழாய் இறக்கினார்கள். குழாயின் நுனியில் றப்பர் பை ஒன்று. அதை அமுக்கினால் காற்று நெஞ்சுக்குள் போகும், விட்டால் வெளியே வரும். கை நிற்கக்கூடாது. அம்புலன்ஸில் தாதி ஒருவரும் என் கணவரும் ஏறினார்கள். வதனியின் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனபோது அவளுடைய கண் திறந்திருந்தது. பேச முடியாது. என்னைத் தேடிப் பார்த்தாள். நான் எழும்ப முயன்றேன். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "போயிட்டு வா, வதனி," என்றேன். கட்டில் திரும்பிக் கதவுக்கு வெளியே போய்விட்டது.

யாழ்ப்பாணம் போகும் வழியில், வல்லை வெளிக்கு மேலே ஆமியின் ஹெலிகொப்டர் சுற்றியதாம். வெட்டவெளியில் போனால் சுடுவார்கள் என்று டிரைவர் அம்புலன்ஸை வெளிக்கு முன்னாலேயே மரங்களுக்குக் கீழே நிறுத்திவிட்டார். எவ்வளவு நேரம் நின்றது என்று என் கணவரால் சொல்ல முடியவில்லை. முதலில் தாதி பையை அமுக்கினார். அவருடைய கை சோர்ந்தபோது என் கணவர் வாங்கினார். எண்ணி எண்ணி அமுக்கினார். தான் மூச்சு விடும்போது அவளுக்கும் விட்டால் கணக்குப் பிழைக்காது என்று தாதி சொல்லிக்கொடுத்தாராம். அப்படியே செய்தார். ஹெலி போனபின் வெளியைக் கடந்தார்கள். ஆவரங்கால் தாண்டும்போது குழாய்க்குள் சளி அடைத்தது. தாதி எடுத்தார். மறுபடி அடைத்தது. நீர்வேலி வாழைத் தோட்டங்களுக்கு நடுவே தாதி அவளுடைய நாடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். பிறகு, "காணும், அண்ணை. விடுங்கோ," என்றார்.

என் கணவர் கையை எடுக்கவில்லை. டிரைவர் வண்டியை நிறுத்திப் பின்னால் வந்து அவருடைய கையைப் பிடித்த பிறகுதான் எடுத்தார்.

பின்னேரம் அவர் வாட்டுக்குள் வந்தார். என் கட்டிலில் குந்தினார். "நீர்வேலியோடை முடிஞ்சுது, ஞானம்," என்றார். அவருடைய வலது கை தொடையின் மேல் கிடந்து, விரல்கள் சுருங்குவதும் விரிவதுமாக இருந்தன. நான் அந்தக் கையை என் இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன்.

என்னை அடக்கத்துக்கு விடவில்லை. எனக்கும் அதே மூன்றாம், நாலாம் நாள்தான், எனக்கும் அப்படி வரலாம் என்று டொக்டர் பயந்தார். ஒவ்வொரு மணித்தியாலமும் தாதி வந்து தலையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். மூச்சைப் பிடித்து எண்ணச் சொன்னார். எண்ணினேன். இருபது, இருபத்தைந்து. நான் எண்ணிய ஒவ்வொரு தடவையும் வதனி நின்ற ஏழாம் எண்ணைத் தாண்டும்போது வெட்கமாக இருந்தது. எங்கள் தேவாலயத்தின் போதகர் அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து நேரே என்னிடம் வந்தார். சப்பாத்தில் மண் ஒட்டியிருந்தது. ஜெபம் பண்ணினார். நான் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு விடுகிற நாள் டொக்டர் என் கட்டிலருகே நின்றார். நான் அவரிடம் கேட்டேன்.

"நான் நல்லா அவிச்சனான், டொக்டர். பிறகும் விஷம் ஏன் போகேல்லை?"

"சூட்டுக்குக் கிருமி சாகும், அம்மா. மருந்து முழுக்கப் போகாது. மணம் குறைஞ்சால் விஷம் குறைஞ்சதெண்டு இல்லை," என்றார். பிறகு, "முதல் நாள் அந்தக் கேள்வியை நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது," என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன 'தெரியாது' என்ற மறுமொழிதான் எனக்கு நினைவு வந்தது.

மூன்று கிழமை கழித்து மரண விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டார். வதனி இறந்த அன்றே என் கணவரின் வாக்குமூலத்தை எடுத்திருந்தார். நான் சுகமான பிறகு வரட்டும் என்று என்னுடையதை விட்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஒரு சின்ன அறை. வயதான மனிதர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடதாசியை எடுத்தார். என் கணவர் கதவடியில் நின்றார்.

"உங்கடை அவர் சொன்னதை வாசிக்கிறன். சரியெண்டால் நீங்களும் அப்பிடியே சொல்லிக் கையெழுத்துப் போடலாம்," என்று வாசித்தார்.

மாவில் வேறு மணம் இருந்ததைத் தான் ஒருத்திதான் கண்டதாகவும், அண்ணனின் மனைவிக்கு அதைச் சொல்லாமல் தானே அவித்ததாகவும், மனைவிக்கு அது தெரியாது என்றும், இறந்தவர் இறப்பதற்கு முந்தின நாள் பின்னேரம் ஆஸ்பத்திரியில் அண்ணனிடம் சொன்னார். அப்படி எழுதியிருந்தது.

இரண்டாம் நாள் பின்னேரம். நான் தூங்கியபோது அவர்கள் கதைத்தது இதுதான்.

என் கணவர் இதை எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நானும் அவருக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மூன்று கிழமையாக ஒரே வீட்டில் இருந்து, நான் எப்படிச் சொல்வேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு வழி விட்டுப் போயிருந்தாள். ஒரு கையெழுத்துத்தான். ஆனால் அது எழுத்தில் இருந்தது. அவளுடைய பெயருக்குக் கீழே, அவளுடைய பிழையாக, என்றைக்கும் இருக்கப்போகிற எழுத்து.

"ஐயா, உது பிழை," என்றேன்.

அவர் நிமிர்ந்தார்.

"அவள்தான் மாவை முதல் மணந்து பாத்தவள். உடனை எனக்குச் சொன்னவள். நானும் எடுத்து மணந்து பாத்தனான். அவிச்சால் போயிடும் எண்டு சொல்லி அவளைக்கொண்டு அவிப்பிச்சது நான்."

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். "பிள்ளை, இதாலை உமக்கு ஒரு நன்மையும் இல்லை. போனவவும் திரும்பி வரப்போறதில்லை. எழுதத்தான் வேணுமோ?"

"ஓம் ஐயா. எழுதுங்கோ."

எழுதினார். மெதுவாக, ஒவ்வொரு வசனமாக எனக்கு வாசித்துக் காட்டி எழுதினார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியபோது கதவடியில் என் கணவர் இல்லை.

வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கிட்டப் போனேன். அவர் ஏறச் சொல்லவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். நானும் பக்கத்தில் நடந்தேன். மீன் சந்தையைத் தாண்டினோம். எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. அதைக் கண்டு நின்றார்.

"நீ சொன்னது சரி," என்றார். "நீ அதைத்தான் சொல்லவேணும்."

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஆனால் அவள் என்னோடை கடைசியாக் கதைச்சது அதுதான், ஞானம். நான் திரும்பத் திரும்ப அதைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். இனி அது பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டு நினைக்கவேணும்."

நான் சைக்கிளின் கைபிடியில் அவருடைய கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். பிறகு அவர் பின் இருக்கையைக் கையால் துடைத்து, "ஏறு," என்றார். நான் ஏறினேன்.